சந்தனம் என்கிற முதல் கேள்வி

2009 நவம்பர் 5, வியாழக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். இரவெல்லாம் பெய்த மழை விடவில்லை. பால் பாக்கெட் வரவில்லை; முந்தின நாள் மீந்த பாலில் கணவருக்கு மட்டும் காபி. இரண்டு டப்பாக்களில் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்தேன். அவர் முதல் ஷிப்டுக்குக் கிளம்பியதும் என் கைப்பையைச் சரிபார்த்தேன்: டார்ச், உலர்ந்த துண்டு, இரண்டு பேனா, சீப்பு, கொண்டை ஊசி. குடையோடு அம்பத்தூர் ஓ.டி. நிறுத்தத்துக்குப் போய் அலுவலக வண்டிக்காக நின்றேன்.

அன்றைய டைரிப் பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டு வெகு காலமாக எழுதி வருகிறேன். அந்த வியாழக்கிழமை மட்டும் தன் பக்கம் போதாமல் சனி, ஞாயிறுக்கான இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் நில அளவை நிறுவனத்தில் வேலை பார்த்து, சென்ற வருடம் விருப்ப ஓய்வு பெற்றேன். போன வாரம் அங்கிருந்து சுபாஷினி தொலைபேசியில் பேசினாள். இப்போது களப்பணிக் குழு அவள் பொறுப்பில் இருக்கிறது.

"நிர்மலாக்கா, வண்டி கெளம்பறதுக்கு முன்னாடி ஒருத்தர் கேள்வி கேக்க, ஒருத்தர் பதில் சொல்வோமே, அதுல மொதக் கேள்வி 'சந்தனம்?'னு இருக்கு. நாங்களும் 'இல்ல'ன்னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடறோம். புது மிஷின்ல ஒயரே கிடையாது. அந்தக் கேள்விய எடுத்துடலாமான்னு ஆபீஸ்ல கேக்கறாங்க. அது இன்னாக்கா, ஏதாவது சகுனமா?"

"சகுனமெல்லாம் இல்ல. எழுதி அனுப்பறேன். படிச்சுட்டு நீயே முடிவு பண்ணு" என்றேன். எழுத உட்கார்ந்தால், அந்த ஒரு கேள்விக்காக என் வேலைக்காலம் முழுவதையும் கொஞ்சம் தொட்டுத்தான் வரவேண்டியிருக்கிறது.

பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, அந்த நிறுவனத்தில் வரைபடம் பிரதி எடுப்பவளாகச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் மேஜைதான். பிறகு வெயில். டேப்பின் ஒரு முனையைப் பிடித்தேன், அளவுகோலைத் தூக்கிக்கொண்டு நின்றேன், மெல்லக் கருவிக்குப் பின்னால் நிற்கும் இடத்துக்கு வந்தேன். இதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோருடைய ஆரம்பமும் அப்படித்தான்.

எங்கள் தலைமை சர்வேயர் தணிகாசலம் சார். யாரையும் அவர் ஒருமையில் அழைத்து நான் கேட்டதில்லை. சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கோபம் அதிகமானால் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைப்பார். இரண்டாவது முறை துணியை எடுத்தால் நாங்கள் மூச்சுவிட மாட்டோம்.

நிறுவனத்துக்கு முதல் ஜி.பி.எஸ். ரிசீவர் வந்தபோது அதை அவரே கையில் வாங்கினார். உள்ளங்கை அளவுக் கருவி. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலை வைத்து, நாம் நிற்கும் இடத்தை எண்களாகச் சொல்லும். அந்த எண்களை ஒரு கேபிள் வழியாக லேப்டாப்புக்கு அனுப்பினால், வரைபட மென்பொருளில் நம் படத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி விழும். நாம் நடந்தால் புள்ளியும் நடக்கும். இன்றைக்கு எல்லோர் தொலைபேசியிலும் நடக்கிற காரியம்தான். அன்றைக்கு அந்தப் புள்ளியை வரவழைப்பதற்குள் உயிர் போய்விடும்.

ரிசீவரின் முதுகில், நட்ட நடுவில், நான்கு சின்ன ஊசிகள் கொண்ட வட்டமான குழி இருக்கும். கேபிளின் ஒரு முனை அதில் செருகும். மறுமுனை பழைய காலத்து ஒன்பது ஊசித் துளை. லேப்டாப்பில் அதற்கு இடமில்லாததால் நடுவில் ஒரு கன்வர்ட்டர். அந்தக் கன்வர்ட்டரை ஒவ்வொரு துளையில் செருகும்போதும் லேப்டாப் அதற்கு ஒவ்வொரு போர்ட் எண் கொடுத்துவிடும். நேற்று நான்கு, இன்று ஏழு. மென்பொருள் நான்கிலேயே காது வைத்துக் காத்திருக்கும். நான் வீட்டிலிருந்து சிவப்பு நகப்பூச்சு கொண்டுபோய் ஒரு துளையைச் சுற்றி வட்டம் போட்டேன். கன்வர்ட்டர் எப்போதும் அந்தத் துளையில்தான். சார் அந்த வட்டத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். "நல்ல வேலைங்க" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது சுலபமல்ல.

முதன்முதலில் புள்ளி வந்தபோது அலுவலகமே மேஜையைச் சுற்றி நின்றது. புள்ளி கொரட்டூர் ஏரியின் தண்ணீருக்குள் விழுந்தது. "ஆபீஸ் முழுகிப் போச்சு, லீவு உடுங்க சார்" என்று பின்னாலிருந்து டிரைவர் ஏழுமலை கத்தினார். சார் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு காரணம் பிடிபட்டது. பூமியின் வடிவத்தைக் கணக்கிட ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு, டேட்டம் என்போம். ரிசீவரில் ஒரு டேட்டம், படத்தில் வேறொரு டேட்டம். ஒன்றாக்கியதும் புள்ளி ஏரியைவிட்டுக் கரையேறி எங்கள் அலுவலக ஷெட்டின் கூரையில் வந்து உட்கார்ந்தது.

அந்த வாரமே சார் ஒரு முறையைக் கொண்டுவந்தார். வண்டி கிளம்புமுன் ரிசீவரையும் லேப்டாப்பையும் இணைத்து, அவர் கேட்பார், நான் திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"போர்ட்?"

"நாலு சார்."

"வேகம்?"

"நாலாயிரத்து எண்ணூறு சார்." கேபிள் வழியாகத் தகவல் போகும் வேகம் அது.

"மொழி?"

"பொது மொழி சார்." ரிசீவர் தன் கம்பெனியின் சொந்த மொழியிலும் பேசும், எல்லா மென்பொருளுக்கும் புரியும் பொது மொழியிலும் பேசும். மாற்றி வைக்காவிட்டால் லேப்டாப் திருதிருவென்று விழிக்கும்.

"டேட்டம்?"

"எண்பத்து நாலு சார்."

நினைவிலிருந்து சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். "பார்த்துச் சொல்லுங்க" என்பார். களத்துக்குப் போன பிறகு இன்னொரு விதி இருந்தது. முதலில் தெரிந்த இடம் ஒன்றில் நிற்க வேண்டும். கோயில் மூலை, தொட்டித் தூண், படத்தில் சந்தேகமில்லாமல் இருக்கும் ஏதாவது ஒன்று. "தெரிஞ்ச இடத்துல நின்னு, இன்னிக்கு இது எவ்வளவு பொய் சொல்லுதுன்னு பாருங்க. அந்தப் பொய்யைக் கழிச்சுட்டுத் தெரியாத இடத்துக்குப் போங்க" என்பார். அந்தச் சின்ன ரிசீவர்கள் தினமும் சில அடிகள் தவறும். தவறும் தூரமும் திசையும் நேரத்துக்கு நேரம் மாறும்.

இனி அந்த வியாழக்கிழமை.

வெள்ளானூரைத் தாண்டி ஒரு காலனி. தெற்கு வடக்காக ஒரே சாலை. சாலைக்கு மேற்கே தாழ்வில் பழைய காலனி வீடுகள். கிழக்கே ஏரியின் உபரிநீர்க் கால்வாய். சாலை முடியும் வடக்குக் கோடியில் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு. அதிலிருந்து வெளியே வர அந்தச் சாலையைத் தவிர வேறு வழி கிடையாது. காலனியின் மழைத்தண்ணீர் கால்வாய்க்குப் போக, சாலைக்கு அடியில் ஒரு பெரிய கான்கிரீட் குழாய் உண்டு. கோடையில் சாரும் நானும் அதை அளந்து படத்தில் ஏற்றியிருந்தோம். அதற்குப் பிறகு சாலையை மேடாக்கினார்கள். கட்டட இடிபாட்டை யாரோ லாரி லாரியாக ஓரத்தில் கொட்டினார்கள். குழாயின் வாய் மண்ணுக்குள் போய்விட்டது. இப்போது மழை. காலனித் தெருக்களில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், போக இடமில்லாமல் நின்றது.

பத்து மணிக்கு ஏழுமலையும் நானும் போய்ச் சேர்ந்தோம். சார் பூந்தமல்லியில் இன்னொரு வெள்ள இடத்தில் இருந்தார். சாலையில் ஒரு ஜேசிபி நின்றது. அதன் ஓட்டுநர் இறங்கி வந்தார்.

"அக்கா, நாலு மணி வரிக்கும்தான் நமக்கு டைம். கொழா கெடைக்கலன்னா ரோட்ட குறுக்க வெட்டி உடச் சொல்லிட்டாங்க. அப்பால நான் ஆவடி போவணும்."

சாலையை வெட்டினால் காலனித் தண்ணீர் வடியும். ஆனால் சாலைக்கு அடியிலேயே, நீளவாக்கில், குடிநீர்க் குழாய் ஓடுகிறது. அதுவும் சேர்ந்து போகும். அடுக்குமாடிக்காரர்கள் உள்ளேயே மாட்டிக்கொள்வார்கள். குழாயின் வாய் கிடைத்துவிட்டால் ஓரத்தில் ஒரு குழி தோண்டினால் போதும்.

சாலை ஓரமாக முதல் வீடு கன்னியம்மாவுடையது. ஐம்பது வயதிருக்கும். அவருடைய அப்பா அம்மா அங்கே இருந்த வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். அவர் தொழிற்பேட்டைக் கேன்டீனில் சமைத்த சம்பளத்தில் இரண்டு அறை தளம் போட்ட வீடு கட்டியிருந்தார். வாசலுக்கு மூன்று படி. இரண்டு படி தண்ணீருக்குள் இருந்தன. மூன்றாவது படியில் அவர் நின்றிருந்தார்.

"இன்னாமா, மிஷின் கொண்டாந்துகீற? காலீல இருந்து எல்லாம் வந்து பார்த்துட்டுப் பார்த்துட்டுப் போறானுங்க. நீயும் பார்த்துட்டுப் போவத்தான் வந்தியா?"

"கொழாய் எங்க இருக்குன்னு காட்ட வந்திருக்கேம்மா."

"அத்தக் காட்டறதுக்கு மிஷின் வேற. எனக்குத் தெரியாதா? பனமரத்தாண்டதான் கீது."

"பனமரம் எங்கம்மா?"

"அத்தத்தான் ரோடு போடச் சொல்ல வெட்டிக்கினு போய்ட்டானுங்களே!"

அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் ராமநாதன் குடையுடன் வந்து சேர்ந்தார். ஈரோட்டுப் பக்கம்; மென்பொருள் நிறுவனத்தில் வேலை.

"ஏனுங்க மேடம், ரோட்ட வெட்டீட்டா நாங்க அத்தன குடும்பமும் எப்படிங்க வெளிய வர்றது? ஆஸ்பத்திரிக்குக்கூடப் போக முடியாதுங்க. இங்க குழாயே கெடையாதுன்னு பில்டர் எழுதிக் குடுத்திருக்காருங்க."

"பில்டரு உனுக்கு ஊட்ட எழுதிக் குத்தான் நைனா, எனுக்குத் தண்ணிய எழுதிக் குத்துட்டான்" என்றார் கன்னியம்மா. "இன்னும் ஒரு படி ஏறிச்சின்னா எல்லாம் உள்ளாற பூந்துடும். வெட்டு ரோட்ட. நான் இன்னா சொல்றது, வெட்டுன்றேன்!"

வண்டிக்குள் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பைத் திறந்தேன். நகப்பூச்சு வட்டத்தில் கன்வர்ட்டர். ரிசீவரில் செயற்கைக்கோள் கோடுகள் நன்றாக உயர்ந்து நின்றன. காலையில் அவசரத்தில், சார் இல்லாமல், கேள்வி பதில் நடத்தாமல் கிளம்பியிருந்தோம். படம் திறந்தது. புள்ளி வரவில்லை. 'தரவு இல்லை' என்ற பெட்டி மட்டும் வந்து நின்றது.

சாரை அழைத்தேன். பின்னணியில் அவரிடமும் மழைச் சத்தம். ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் பார்த்துச் சொன்னேன். போர்ட் நான்கு. வேகம் சரி. மொழி சரி. டேட்டம் சரி. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். தரவு இல்லை.

"லேப்டாப்புல இருக்கற கொழா நம்பர ரிசீவர்ல கையால அடிச்சுட்டு, அது காட்டற பக்கம் போனா ஆவாதாக்கா?" என்று ஏழுமலை கேட்டார். அதையும் செய்து பார்த்தோம். ரிசீவரின் அம்பு எங்களைச் சாலையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுச் சுழன்றது. அன்றைய பொய் எவ்வளவு என்று படத்தின் மேல் பார்க்காமல் அதை நம்ப முடியாது. நம்பித் தோண்டினால் குடிநீர்க் குழாயில்தான் இடிக்கும்.

இதிலேயே மதியம் தாண்டிவிட்டது. மறுபடி சாரை அழைத்தேன்.

"யார் மேல தப்புன்னு பாதி பாதியாப் பிரிப்போம்" என்றார். "ரிசீவர் கேபிளைக் கழட்டிடுங்க. கன்வர்ட்டர் மட்டும் இருக்கட்டும். அதுல ஒம்போது ஊசி இருக்குங்களா? ரெண்டாவதையும் மூணாவதையும் சேர்த்துத் தொடற மாதிரி ஏதாவது உலோகம் இருக்குங்களா உங்ககிட்ட?"

"கொண்டை ஊசி இருக்கு சார்."

"பொருத்தம். மேல இருக்கற கறுப்புப் பூச்சைச் சுரண்டிடுங்க."

சுரண்டி, இரண்டு ஊசிகளுக்கும் பாலமாக வைத்துப் பிடித்தேன். லேப்டாப் அனுப்புவது அந்தப் பாலம் வழியாக லேப்டாப்புக்கே திரும்பி வர வேண்டும். அதுதான் சோதனை.

"அக்கா, தலைல குத்தறத இதுல குத்திக்கினு கீற. வெடிச்சிடப் போவுது" என்று ஏழுமலை கதவோரம் ஒதுங்கினார்.

என் பெயரை ஆங்கிலத்தில் அடித்தேன். ஒவ்வோர் எழுத்தும் திரையில் திரும்பி வந்தது. ஊசியை எடுத்துவிட்டு அடித்தேன்; ஒன்றும் வரவில்லை. வைத்தேன், வந்தது.

"வருது சார்!"

"அப்ப லேப்டாப்பும் கன்வர்ட்டரும் நல்லவங்க. மிச்சம் கேபிளும் ரிசீவரும்தான். கோடையில ஓடின சாமான் இப்ப ஓடலன்னா நடுவுல என்னமோ மாறியிருக்கு. என்னன்னு பாருங்க." யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டார்.

என்ன மாறியது? கோடைக்குப் பிறகு நாங்கள் முக்காலிமேல் நிறுத்தும் பெரிய கருவியோடுதான் வேலை செய்தோம். ரிசீவர் பெட்டியைவிட்டு வெளியே வரவேயில்லை. கேபிளை முழுக்கத் தடவிப் பார்த்தேன். வெட்டு, மடிப்பு ஒன்றுமில்லை. ரிசீவரின் முதுகிலிருந்த முனையை உருவி, ஈரம் இருக்கிறதோ என்று துண்டின் ஓரத்தில் துடைத்தேன். வெள்ளைத் துண்டில் இளமஞ்சளாக ஒரு கறை. சேறு அந்த நிறத்தில் இருக்காது. மூக்கருகே கொண்டுபோனேன். டீசலும் ஈரச் சாக்கும் நாறிய அந்த வண்டிக்குள் சந்தனம் மணத்தது.

டார்ச்சை அடித்து முதுகுக் குழிக்குள் பார்த்தேன். நான்கு ஊசிகளும் அடிப்பாகம் முழுகச் சந்தனத்தில் நின்றன. நடுவில் ஒரு துணுக்குக் குங்குமம்கூட இருந்தது.

ஆயுத பூஜை. அலுவலகத்தில் பூஜை செய்வது சார்தான். கடைச் சந்தனம் வாங்க மாட்டார். கல்லில் தானே அரைப்பார். வேட்டி கட்டிக்கொண்டு, டேப்பிலிருந்து டிரைசைக்கிள் வரை ஒவ்வொன்றுக்கும் மோதிர விரலால் பொட்டு வைப்பார். ரிசீவருக்கு முன்பக்கம் வைத்தால் திரையில் கீறல் விழும் என்று அவருக்குக் கவலை. திருப்பிப் பார்த்திருக்கிறார். முதுகின் நட்ட நடுவில், விரல் நுனி அளவுக்கு, பொட்டுக்கென்றே செய்துவைத்தது போல ஒரு வட்டக் குழி. அதை மூடும் ரப்பர் மூடி கோடை வெயிலில் வெடித்து விழுந்திருந்தது. மறுநாள் எல்லாக் கருவிகளையும் துடைத்து வைத்தோம். வெளியே தெரிந்தது போயிற்று. உள்ளே போனது காய்ந்து கெட்டியாகிவிட்டது.

சாரை அழைத்தேன்.

"காரணம் கிடைச்சுது சார். ரிசீவர் சாக்கெட்டுல சந்தனம்."

"என்னதுங்க?"

"சந்தனம் சார். குங்குமமும் இருக்கு."

"யாருங்க வச்சது?"

பக்கத்தில் ஏழுமலை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மறுமுனையில் நீண்ட அமைதி. கண்ணாடி துடைக்கிற அமைதி என்று எனக்குத் தெரியும். அது இரண்டாவது முறைக்கும் நீண்டது. அந்தத் தடவை கோபம் யார் மேல் என்பதும் தெரியும்.

"ரிசீவரை அணைச்சுட்டு, மரக்குச்சியால எடுங்க. உலோகம் வேண்டாம், ஊசி வளைஞ்சுடும்" என்றார். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "நல்லாத் துடைங்க. நல்லா அரைச்சிருப்பேன்" என்றார்.

மரக்குச்சிக்கு எங்கே போவது? தண்ணீரில் இறங்கிக் கன்னியம்மாவின் படிக்குப் போய் நின்றேன். பரண்மேல் தூக்கிப் போட்டிருந்த தென்னந்துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளும், ஒரு பழைய வேட்டித் துணியும் கொடுத்தார். என் பின்னாலேயே வண்டிவரை வந்து, நான் சுரண்டுவதை எட்டிப் பார்த்தார்.

"சாமிக்கு வெச்ச சந்தனத்தயா நோண்டற?"

"வாயில பொட்டு வெச்சா அது எப்டிக்கா பேசும்?" என்றார் ஏழுமலை. "நாலு ஆளு தேடறாங்க, இது பக்தியா வாயப் பொத்திக்கினு கீது!"

கன்னியம்மா அன்று முதல்முறையாகச் சிரித்தார். துணியின் நுனியைத் திரித்துக் கொடுத்து, "இத்த உட்டுத் தொட" என்றார். ஊசிகள் ஒவ்வொன்றாகப் பித்தளை நிறம் காட்டின. ஊதினேன், துடைத்தேன், மறுபடி ஊதினேன். செருகினேன். லேப்டாப் திரையில் எண்கள் மழை போலவே கொட்டத் தொடங்கின, வரிக்குப் பின் வரியாக. படத்தைத் திறந்தேன். வெள்ளானூருக்கு மேல் சிவப்புப் புள்ளி.

நேரம் மூன்றைத் தாண்டியிருந்தது. ஜேசிபியின் என்ஜின் சத்தம் கேட்டது.

இடிபாட்டு ஓரத்துக்குத் தண்ணீருக்குள் நடந்துதான் போக வேண்டும். லேப்டாப்பை யார் தூக்குவது, தூக்கிக்கொண்டு யார் பார்ப்பது? கன்னியம்மா வீட்டுக்குள் போய்த் துணி துவைக்கும் நீல நிறப் பிளாஸ்டிக் டப்பைக் கொண்டுவந்து தண்ணீரில் விட்டார். "இதுல வை. மெதக்கும். நான் புச்சிக்கறேன்."

டப்புக்குள் துண்டை விரித்து, அதன்மேல் லேப்டாப். கேபிள் எட்டும் தூரத்தில் ரிசீவரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான். டப்பைத் தள்ளிக்கொண்டு கன்னியம்மா. முன்னால் கடப்பாரையுடன் ஏழுமலை. குடை பிடிக்க ஆள் வேண்டும். சாலை மேலிருந்த ராமநாதனைப் பார்த்தேன். அவர் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினார், செருப்பைக் கழற்றினார், இறங்கினார்.

"திரையப் பார்த்து நான் சொல்றேனுங்க மேடம். அது எனக்குப் பழக்கந்தானுங்க."

முதலில் தெரிந்த இடம். காலனித் தண்ணீர்த் தொட்டியின் தென்கிழக்குத் தூணைத் தொட்டுக்கொண்டு நின்றேன். படத்தில் புள்ளி தூணைவிட்டுத் தெற்கே, பக்கத்துத் தெருவின் விளிம்பில் விழுந்தது. அந்தத் தூரத்தையும் திசையையும் ராமநாதன் உரக்கச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். பிறகு நடந்தோம். டப்பு ஆடியபோதெல்லாம், "அக்கா, மெதுவாத் தள்ளுங்க!" என்று அவர் கத்தினார். "குடைய நேராப் புடி அப்பார்ட்மெண்ட்டு, தண்ணி உள்ள ஊத்துது!" என்று கன்னியம்மா பதிலுக்குக் கத்தினார்.

"இங்கதானுங்க. நில்லுங்க."

ஏழுமலை கடப்பாரையை இறக்கினார். நொறநொறவென்று செங்கல் இடிபாடு. பக்கத்தில் இறக்கினார். செங்கல். இன்னும் பக்கத்தில். செங்கல்.

"நான் சொல்லல? பனமரம் அந்தாண்ட" என்றார் கன்னியம்மா. சாலை மேலிருந்து ஜேசிபி ஓட்டுநர் கையைக் காட்டினார், கடிகாரத்தைத் தட்டினார். கன்னியம்மாவின் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது படியின் விளிம்பைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது.

எனக்கு அங்கேயே நின்று இன்னும் நாலு இடம் குத்திப் பார்க்கத் தோன்றியது. சாராக இருந்தால் அப்படிச் செய்ய மாட்டார். தூணிலிருந்து டப்பைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்வதற்குள் எவ்வளவோ நேரம் போயிருந்தது. வானத்தில் செயற்கைக்கோள்கள் நகர்ந்திருக்கும், பொய்யும் நகர்ந்திருக்கும்.

"திரும்பத் தூணுக்குப் போகணும்" என்றேன்.

"இன்னாது? மறுபடியுமா?"

"தள்ளும்மா."

தள்ளினார். தூணைத் தொட்டேன். இந்த முறை புள்ளி தெற்கே இல்லை; தூணுக்குக் கிழக்கே நின்றது. ராமநாதன் சொன்னார், நான் திருப்பிச் சொன்னேன். நிற்காமல் நேராக நடந்தோம். முன்பு குத்திய இடத்தைக் கடந்து, வடக்கே, இடிபாட்டு மேட்டின் அடுத்த சரிவுக்கு வந்தோம்.

"இங்கதானுங்க மேடம். புள்ளி அப்படியே குழாய்க் கோட்டு மேல உக்காந்திருக்குதுங்க."

ஏழுமலை கடப்பாரையை இறக்கினார். டொக். எல்லோருக்கும் கேட்டது. இன்னொரு பக்கம். டொக். வளைவாக இறங்கும் கான்கிரீட்டை அவர் கடப்பாரை முனையால் தடவிக்கொண்டே போனார். ஒரு கையளவு தள்ளி அது பொதுக்கென்று உள்ளே போயிற்று.

"வாய் இங்க கீதுக்கா! வாயி!"

நாங்கள் டப்போடு கன்னியம்மாவின் படிக்கு ஒதுங்கினோம். ஜேசிபியின் கை நீண்டு இறங்கியது. முதல் வாரலில் செங்கல், இரண்டாவதில் சிமெண்ட் சாக்குகள், மூன்றாவதில் ஒரு பழைய மெத்தை. மெத்தை வெளியே வந்ததும் அந்த இடத்தில் தண்ணீர் ஒரு கணம் குழிந்தது. பிறகு சுழன்றது. பிறகு ஒரு பெரிய மாடு தண்ணீர் குடிப்பது போலச் சத்தம் எழுந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். கால்வாயில் ஆகாயத்தாமரையைத் தள்ளிக்கொண்டு பழுப்புத் தண்ணீர் பீறிட்டு வந்துகொண்டிருந்தது. அடுக்குமாடிப் பெண்கள் குடைகளோடு சாலையில் நின்று கைதட்டினார்கள். காலனிப் பிள்ளைகள் விசிலடித்தார்கள். ஜேசிபி ஓட்டுநர் ஹாரனை விடாமல் அடித்தார்.

ராமநாதன் குடையை மடக்கிவிட்டு மழையிலேயே நின்றார். "ரோடு தப்பிச்சுதுங்க" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு ஏன் என்று தெரியாது.

மூன்றாவது படி முழுதாக வெளியே வரும்வரை அங்கேயே நின்றோம். பிறகு இரண்டாவது படியின் விளிம்பு தெரிந்தது. கன்னியம்மா குனிந்து அதன் மேலிருந்த சேற்றைக் கையால் வழித்துவிட்டார். மேலே பலகையில் ஏற்றியிருந்த அடுப்பை இறக்கி டீ போட்டார். முதல் டம்ளரை ராமநாதனிடம் நீட்டினார்.

"குடி அப்பார்ட்மெண்ட்டு. நாளிக்கு ரோடு உனுக்கும் கீது, ஊடு எனுக்கும் கீது."

டப்பைத் திருப்பிக் கொடுத்தபோது ஏழுமலை, "இத்தயும் ஆபீஸ்ல வாங்கி வெக்கச் சொல்லணும்க்கா, சர்வே சாமான்" என்றார்.

"குட்றா அத்த. துணி நனைக்கணும்" என்று பிடுங்கிக்கொண்டார் கன்னியம்மா.

திரும்பும் வழியில் சாரை அழைத்து, வாய் கிடைத்தது, தண்ணீர் போகிறது, சாலை முழுசு என்று சொன்னேன். "தூணுக்குத் திரும்பப் போனீங்களா?" என்று கேட்டார். போனேன் என்றேன். "சரிங்க" என்றார். அந்தக் குரலை நான் டைரியில் தனி வரியாக எழுதி வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு களத்தில் லேப்டாப்பும் ரிசீவரும் என் பொறுப்பு என்று ஆயிற்று. சாலைகள், ஏரிக்கரைகள், வானகரம் முதல் திருமழிசை வரை கால்வாய்கள், எத்தனையோ படங்களின் மேல் அந்தப் புள்ளியை நடத்திச் சென்றிருக்கிறேன். ஒன்றும் அந்த டப்புப் பயணத்துக்கு ஈடாகவில்லை.

சுபாஷினி, கேள்வியை எடுப்பதும் வைப்பதும் உன் விருப்பம். அது எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

நவம்பர் 6, வெள்ளிக்கிழமை. மழை விட்டிருந்தது. பால் வந்தது. அலுவலகத்துக்குள் நுழைந்தபோது எனக்கு முன்பே சார் வந்திருந்தார். மேஜைமேல் ரிசீவர் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் ஸ்பிரிட் புட்டி, பஞ்சு, ஒரு பிடி ஈர்க்குச்சி. முதுகுக் குழியின் மேல் புதிதாக வெட்டிய ரப்பர் மூடி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. வண்டி வெளியே ஹாரன் அடித்தது. "உட்காருங்க" என்றார். உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, மூடியை எடுத்துக் கேபிளை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வழக்கம்போல் போர்ட் எண் கேட்பார் என்று நான் திரையைப் பார்த்தேன்.

"சந்தனம்?" என்றார்.

டார்ச் அடித்துக் குழிக்குள் பார்த்தேன்.

"இல்ல சார்."

"போர்ட்?"

"நாலு சார்."